வரைபலகையில் பிறக்கும் சிரிப்பு

கடந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை நாளுக்கு ஒன்றாகச் சிரிப்புச் சித்திரங்கள் வரைந்து இங்கே பகிர்ந்தேன். அன்றாட அரசியலைப் பேசாத, அந்த நாளின் செய்தியைத் தெரிந்துகொள்ளாமலேயே ரசிக்கக்கூடிய, ஓரிரு கட்டங்களில் முடிந்துவிடும் சித்திரங்கள். பார்த்த நண்பர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்த ஐடியாக்கள் எங்கிருந்து வருகின்றன? முதலில் மனத்தில் ஜோக் முழுமையாக உருவாகிவிடுகிறது, பிறகு கை அதைப் படமாகப் பிரதி எடுக்கிறது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நல்ல சித்திரங்கள் அநேகமாக அப்படிப் பிறப்பதில்லை என்பதும், பென்சில் தாளில் நகரும்போதுதான் ஜோக் கிடைக்கிறது என்பதும் இந்த ஒரு வாரத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் தமிழில் சிரிப்புச் சித்திரத்தின் வளர்ச்சியே இந்த ஒரு விஷயத்தில்தான் தங்கி நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நாம் வார இதழ் ஜோக்குகளைப் படித்து வளர்ந்தவர்கள். கட்டத்துக்குள் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். மன்னரும் அமைச்சரும், டாக்டரும் நோயாளியும், தலைவரும் தொண்டரும் என்று ஆட்கள் மட்டும் மாறுவார்கள். பெரும்பாலும் ஜோக்கை எழுதி அனுப்புகிறவர் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் வாசகர். படம் போடுகிறவர் இதழின் ஓவியர். சிற்றூர்களில் இருந்த எத்தனையோ பேருக்கு அஞ்சலட்டை ஒன்றின் செலவில் அச்சில் பெயர் வரும் மகிழ்ச்சியை அந்த முறை கொடுத்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதில் ஓவியரின் பங்கு மிகவும் சுருங்கிப் போயிற்று. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். சிரிப்பு சிறிதும் குறையவில்லை என்றால், அந்தப் படம் வெறும் சாட்சியாகத்தான் அங்கே நின்றிருக்கிறது.

அதே இதழ்களிலேயே இன்னொரு வழியும் இருந்தது. ஆனந்த விகடனில் கோபுலு (1924–2015) வசனமே இல்லாமல் வரைந்த நகைச்சுவைப் படங்களில், ஒருவர் நிற்கும் விதமும் திரும்பும் விதமும் அவர் கண் போகும் திசையும் சேர்ந்தே கதையை முழுவதுமாகச் சொல்லிவிடும். பின்னாளில் மதன் உருவாக்கிய முன்ஜாக்கிரதை முத்தண்ணாவில் வேறொரு சிக்கனம் இருந்தது. பெயரிலேயே பாத்திரத்தின் குணம் தெரிந்துவிடுவதால், அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வரைந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் வாரத்தைத் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமைச் சித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதில்தான் மிகத் தெளிவாக நடந்தது. அமாவாசையன்று மொட்டை மாடியில் இலை வைத்துக் காகத்தைக் கூப்பிடும் ஒரு மனிதரோடு தொடங்கினேன். கைப்பிடிச் சுவரில் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருக்க, ஒன்று மற்றொன்றிடம், "இன்னிக்கு இது ஏழாவது வீடு" என்று சொல்வதாக முதல் ஓவியத்தில் வசனம் இருந்தது. பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஜோக். ஆனால் அதில் படத்துக்கு வேலை இல்லை. பின்னணியை நிரப்ப வேண்டுமே என்று பக்கத்து வீட்டு மொட்டை மாடியை வரைந்தேன், அதற்கப்பால் இன்னொன்று, பிறகு தெரு முழுவதும். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் வானத்தைப் பார்த்து வாயருகே கையைக் குவித்துக்கொண்டு நிற்கும் காட்சி வந்தபிறகு, காகங்கள் இரண்டு தேவையில்லை என்று தெரிந்தது. ஒரே ஒரு காகம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், வயிறு மேலே தெரிய மல்லாந்து, கால்களை நீட்டித் தூங்குவதாக வரைந்தேன். வசனத்தை அழித்தேன். தெருவே கூப்பிடுவதை வாசகர் முதலில் பார்க்கிறார். பிறகு கண் இறங்கி வந்து தொட்டியடியில் அந்தக் காகத்தைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிக்கிறவர் அவரே என்பதால் சிரிப்பும் அவருடையதாகிறது. மேசையில் வெறுமனே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் காட்சி எனக்குத் தோன்றியிருக்காது.

இது புதிய உண்மை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க்கர் இதழில் 1932இல் வெளிவந்த ஜேம்ஸ் தர்பரின் புகழ்பெற்ற சித்திரத்தில், கட்டிலில் கணவனும் மனைவியும் படுத்திருக்க, அவர்கள் தலைக்குப் பின்னால் கட்டிலின் தலைப்பலகைமேல் ஒரு கடல்நாய் உட்கார்ந்திருக்கும். கடல்நாய் குரைத்தது கேட்டது என்று கணவன் சொல்லியிருக்கிறான், மனைவி நம்பவில்லை. தர்பர் உண்மையில் வரையத் தொடங்கியது பாறைமேல் இருக்கும் கடல்நாயை. பாறை தலைப்பலகைபோல் வந்துவிடவே, அதையே கட்டிலாக்கிக் கீழே இருவரைப் படுக்க வைத்தார். கோடு காட்டிய இடத்துக்கு அவர் மனம் போயிற்று. மொழியால் மட்டும் சிந்திக்கும் ஒருவர் கடல்நாயைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

பல கட்டங்களில் சொல்லும் சித்திரத்துக்கு மட்டும் நான் எதிர்த்திசையில் போகிறேன். 'நான்சி' தொடரை வரைந்த எர்னி புஷ்மில்லர் கடைசிக் கட்டத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நகர்ந்து முதல் கட்டத்தை அடைவாராம். புதன்கிழமை நான் வரைந்த ரேஷன் கடைப் பாட்டி அந்த வழியில் வந்தவர். முறுக்கு டப்பாவின் மூடியில் மாவு படிந்த ஒரு கட்டைவிரல் ரேகையைப் பேரன் பூதக்கண்ணாடியால் ஆராய்வதுதான் முதலில் கிடைத்த படம். அந்த ரேகை அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்றால், அதற்கு முன்பு அது எங்கே விழாமல் போயிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது ரேஷன் கடையின் கைரேகைக் கருவி வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமல் முதியவர்கள் திரும்பிப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிரமத்தைப் பார்த்துச் சிரிக்காமல், பாட்டியின் பக்கம் நின்று சிரிக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அவர் வாயில் முறுக்கோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வி வாரத்தின் நடுவில்தான் அதிகம் எழுகிறது. புதிய யோசனை வராத நாளில் கை தானாகவே பழகிய இடங்களுக்குப் போகும். பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி, பருத்த உடம்பு, கறுத்த நிறம், மாமியாரின் மரணத்தை எதிர்பார்க்கும் மருமகள் என்று பல பத்தாண்டுகளாக நம் ஜோக்குகள் சேர்த்து வைத்திருக்கும் சரக்கு அது. அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவை புண்படுத்தும் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் தொழில் சார்ந்தது. அந்தச் சரக்கில் சிரிப்பு வாசகரின் பழைய எண்ணத்திலேயே தயாராக இருப்பதால், படம் எதையும் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

பழகிய காட்சி என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாத் தீவில் ஒற்றைத் தென்னை மரத்தடியில் ஒதுங்கிய மனிதனை மேற்கத்திய ஓவியர்கள் எத்தனையோ முறை வரைந்துவிட்டார்கள். பார்த்தவுடனே இடம் புரிந்துவிடுவதால் புதிதாக ஒரே ஒரு பொருளைச் சேர்த்தால் போதும். நமக்கு அப்படிப் பயன்படக்கூடிய இடங்கள் டீக்கடை பெஞ்ச், அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி, கல்யாண மண்டபத்தின் இரண்டாம் பந்தி வரிசை.

வசனம் வைக்க வேண்டிய இடத்தில் தமிழ் பெரிய உதவி செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், கடைசிச் சொல் வரும்வரை அர்த்தத்தைப் பிடித்து வைக்க முடிகிறது. சிரிப்பு வெடிக்க வேண்டிய இடமும் அதுதான். தொல்லை எழுத்தின் நீளத்தில் இருக்கிறது. "சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்" போன்ற ஒரு சொல்லே வசனம் எழுதும் பலூனின் அகலத்தைத் தின்றுவிடும். அதை இரண்டு வரியாக உடைத்தால் பேச்சின் ஓட்டமும் உடையும். ஆகவே பேச்சுத் தமிழில், குட்டையான சொற்களில், மூன்று வரிக்கு மிகாமல் எழுதிக்கொள்கிறேன். கணினி எழுத்துருவைவிடக் கையால் எழுதினால் குரலின் ஏற்ற இறக்கம் எழுத்தின் பருமனிலேயே வந்துவிடுகிறது. முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்க வேண்டும் என்ற எளிய விதியை மீறினால், எவ்வளவு நல்ல ஜோக்கும் தலைகீழாகப் படிக்கப்பட்டு வீணாகிறது.

நாள்தோறும் வரைவது என்றாலே சார்லஸ் ஷுல்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1950 அக்டோபரில் தொடங்கி 2000 பிப்ரவரி வரை வெளிவந்த பீனட்ஸ் தொடரின் 17,897 சித்திரங்களையும் உதவியாளர் இல்லாமல் அவரே வரைந்தார். ஒரு வாரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுவது முறையாகாது. ஆனால் அந்த ஒழுங்கின் பயன் என்னவென்று ஒரு வாரத்திலேயே கொஞ்சம் புரிகிறது. மறுநாளும் ஒன்று வரைய வேண்டும் என்று தெரிந்திருந்தால், இன்றைய சித்திரத்தில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை அடங்குகிறது. வெள்ளிக்கிழமைச் சித்திரத்தில் ஆட்கள் குறைந்து, வெற்றிடம் கூடியதற்குக் காரணம் அதுவே.

சனிக்கிழமைச் சித்திரம் குறித்துத்தான் நண்பர்களிடையே கருத்து வேறுபாடு வந்தது. வாட்ச்மேனின் நாற்காலியில் தெருநாய் உட்கார்ந்திருக்கிறது; வாட்ச்மேன் கீழே தரையில் சுருண்டு தூங்குகிறார்; வருகைப் பதிவேடு நாயின் முன்னால் திறந்திருக்கிறது. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சிலர் பெரிதாக்கிப் பார்த்தார்களாம். 1982இல் கேரி லார்சன் தன் 'ஃபார் சைட்' தொடரில், ஒரு மாடு தான் செய்த கருவிகளை மேசைமேல் பரப்பிவைத்து நிற்பதாக வரைந்தார். அவற்றில் ஒன்று மட்டும் ரம்பத்தைப்போல் இருந்ததால், மற்றவை எவை என்று கேட்டு வாசகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். அடையாளம் தெரியும் ஒரு பொருளை வைத்துவிட்டால், மீதி அனைத்துக்கும் வாசகர் அர்த்தம் தேடத் தொடங்கிவிடுவார். என் பதிவேட்டில் நான் வெறும் கிறுக்கல் கோடுகளை இட்டிருந்தேன். அதைப் படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தபிறகு அப்படியே விட மனம் வரவில்லை; தொகுப்புக்காக மறுபடி வரையும்போது அந்தப் பக்கம் முழுவதும் வரிசையாக நாய்ப் பாதச் சுவடுகளை, கையெழுத்திட வேண்டிய கட்டத்தில் ஒன்று வீதம், பதிக்கப் போகிறேன்.