தங்கமீன் கணக்கை விட்டுவிடுங்கள்
ஐயா, இக்காலப் பிள்ளைகளின் கவனம் 8 விநாடிதான், தங்கமீனுக்கே 9 விநாடி, ஆகவே தமிழ்ப்பள்ளியில் பாட நேரத்தைச் சுருக்கலாம் என்கிறீர்கள். அந்த எண், மைக்ரோசாஃப்ட்டின் கனடா பிரிவு 2015இல் விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட அறிக்கையில் வந்தது. அவர்கள் அளந்ததல்ல, ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன் என்ற இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டது. 2017இல் பிபிசி மூலத்தைத் தேடிப் போனபோது ஆய்வு எதுவும் அகப்படவில்லை. தங்கமீனும் பாவம், பழக்கினால் மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

திரை முன் மனிதரின் கவனத்தை ஆராய்ந்த உளவியலாளர் குளோரியா மார்க் சொல்லும் 47 விநாடி வேறு சங்கதி. ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் அதில் நிலைக்கும் சராசரி நேரம் அது. 2004இல் இரண்டரை நிமிடமாக இருந்தது. தாவல் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அது கவனிக்கும் திறனின் அளவு அல்ல.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டுப் பையன், வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காரமாட்டான் என்று பெயர் வாங்கியவன், நேற்று தன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரைக் கழற்றி, பல் பிரஷ்ஷால் துளைதுளையாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரம். அவன் அம்மா வைத்துவிட்டுப் போன தேநீரில் ஆடை படிந்துவிட்டது.