777 போடச் சொன்ன புண்ணியவானுக்கு

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. கீழமாசி வீதி மளிகை மொத்தக்கடை அண்ணாச்சி போனில் கத்துகிறார்: "தம்பி, பில்லு போட மாட்டேங்குது, வாசல்ல லோடு நிக்குது!"

போய்ப் பார்த்தால், சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் சப்போர்ட் ஆள் மதியம் ரிமோட்டில் வந்து, கடையின் லினக்ஸ் மெஷினில் ரசீது ஃபோல்டருக்கு சிமாட் 777 போட்டிருக்கிறார். யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று அனுமதியை மாற்றும் கட்டளை அது. போட்டதுதான் போட்டார், ஃபோல்டர் பாதையின் முதல் ஸ்லாஷுக்கு அடுத்து ஒரு ஸ்பேஸைத் தட்டிவிட்டார். உள்ளே இருப்பது அத்தனைக்கும் சேர்த்துப் போடும் ஆப்ஷன் வேறு. தனி ஸ்லாஷ் என்றால் ரூட், எல்லா ஃபோல்டருக்கும் தாய் ஃபோல்டர். அதில் தொடங்கி மொத்த சிஸ்டமும் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளையின் செட்யுஐடி பிட் (யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரராக ஓடவைக்கும் குறி) பறந்துபோய் அது செத்துக் கிடக்கிறது. சாவி ஃபைலை எல்லாரும் படிக்க முடிகிறதே என்று தூரத்திலிருந்து நுழைய வைக்கும் எஸ்எஸ்எச் உள்ளேயே விடவில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க மணி மூன்று. அந்நேரத்துக்கும் பரோட்டா கிடைக்கிற ஊர், அதனால் பிழைத்தேன்.

அந்த ஆளை மட்டும் திட்டிப் பயனில்லை. ஐந்து ஃபோல்டர் தாண்டி ஒரு ஃபைல் இருந்தால் ஐந்திலும் எக்ஸ் அனுமதி, அதாவது உள்ளே நுழையும் அனுமதி, வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் சிஸ்டத்தின் மையமான கெர்னல் சொல்வது ஒரே வார்த்தை: பெர்மிஷன் டினைட். எந்த ஃபோல்டரில் மறுத்தாய், எந்த பிட் குறைகிறது? வாயே திறக்காது. தாலுகா ஆபீசில் மனுவைத் திருப்பிக் கொடுப்பவர்கூட "விஏஓ கையெழுத்து இல்லை" என்று ஒரு காரணம் சொல்வார். காரணம் தெரியாதவன் என்ன செய்வான்? எல்லாக் கதவையும் திறந்து போடுவான். இன்னொரு கொடுமை கேளுங்கள். ரூட்டை மொத்தமாக அழிக்கச் சொன்னால் லினக்ஸில் ஆர்எம் கட்டளை மறுத்துவிடும். சிமாட் கட்டளைக்கும் அதே தடுப்பு ஆப்ஷனாக இருக்கிறது, ஆனால் நாமாகக் கேட்டால்தான் வேலை செய்யும்.

சரி, இனிமேல் ரசீது ஃபைலை ஒழுங்காகத் திறக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதுவோம் என்று ஆபீஸ் தம்பியிடம் சொன்னேன். யார் ஓட்டினாலும் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக, ஓடும் புரோகிராம். அவன் முதலில் ஆக்சஸ் என்ற சிஸ்டம் காலில் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) "இவருக்கு அனுமதி உண்டா" என்று கேட்டு, அப்புறம் ஓபன் காலில் திறக்கிறான். மாட்டுத்தாவணியில் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஏறியிருக்கிறானா இவன்? வெளியே நின்று ஜன்னல் வழியாக "சீட் காலி" என்று பார்த்துவிட்டு, சுற்றிப் படியேறி உள்ளே போனால் அங்கே ஒரு பாட்டி பேரனோடு உட்கார்ந்திருப்பார். கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் எவனாவது அந்த ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் பாஸ்வேர்ட் ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க், அதாவது அந்த ஃபைலுக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி, வைத்தால் முடிந்தது கதை. நம் ஊர்க்காரன் அதற்குத்தான் ஜன்னல் வழியே துண்டைப் போடுகிறான். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே வீச்சில்!

"மேனுவல்ல இருக்குண்ணே" என்கிறான். இருக்கிறது. இப்படிச் செய்தால் பாதுகாப்பு ஓட்டை, இந்தக் காலைத் தவிர்ப்பது நல்லது என்று அதே மேனுவலில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஓட்டை என்று தெரிந்த கதவை அடைக்காமல் பக்கத்தில் போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அடைத்தால் பழைய புரோகிராம்கள் உடையுமாம்.

துண்டு மாதிரி ஒன்று லினக்ஸுக்கு வராமல் இல்லை. 2020-இல் 5.6 கெர்னலில் ஓபன்அட்2 என்ற சிஸ்டம் கால் வந்தது. ஒரு ஃபோல்டரைக் கையில் பிடித்துக்கொண்டு "இதற்கு வெளியே போகாதே, சிம்லிங்க் வழியாகவும் போகாதே" என்று திறக்கும்போதே சொல்லலாம். நல்ல விஷயம்தான். ஆனால் வந்து பல வருஷம், புரோகிராம்கள் கெர்னலிடம் பேச உதவும் சி நூலகமான கிளிபிசியில் அதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கவில்லை, சிஸ்டம் கால் நம்பரை வைத்து நாமே கூப்பிட வேண்டியிருந்தது. ஆக்சஸுக்கு ஒரு வரி போதும், இதற்கு ஒரு ஸ்ட்ரக்ட் நிரப்பி, கொடி வைத்து, அளவு கொடுத்து... தம்பி எதை எழுதுவான்?

நேற்று சாயங்காலம் உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்தேன். இன்று காலை அண்ணாச்சி கடையிலிருந்து மெசேஜ். சப்போர்ட் ஆள் மறுபடி லைனில் வந்து, 777 போட பாஸ்வேர்ட் கேட்கிறாராம்.