முகத்தை மூடுவது ஏன் பெண்கள் மட்டும்?

மசாஜ் நிலையத்தில் ரெய்டு என்று ஒரு காணொளி வாட்சாப் குரூப்புகளில் சுற்றுகிறது. சுவரோரம் குந்தியிருக்கும் பெண்கள் தலைமுடியால் முகத்தை மறைக்கிறார்கள். காசு கொடுத்து உள்ளே போன ஆண்கள் படத்திலேயே இல்லை. கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் நம் தமிழர்களும் உண்டு, அக்காள் தங்கையோடு பிறந்தவர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இது இன்று வந்த வழக்கமில்லை. 1864ல் பிரிட்டன் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பரவுவதைத் தடுக்க, துறைமுக ஊர்களிலும் ராணுவ ஊர்களிலும் போலீஸ் சந்தேகப்பட்ட பெண்ணை உடல் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். நோய் இருந்தால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைப்பு. மறுத்தால் சிறை. சிப்பாய்களுக்கு முன்பு இருந்த பரிசோதனையையோ, அவர்களின் தன்மானம் கெடுகிறது என்று அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். பெண் செய்வது வருமானத்துக்காக, ஆண் செய்வது இயற்கை உந்துதலில் நேரும் பிசகு, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது என்று 1871ல் அரச ஆணையமே அறிக்கை எழுதியது. அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே மாதிரிச் சட்டம் 1870ல், இன்றைய மலேசியாவின் பினாங்கை உள்ளடக்கிய, பிரிட்டன் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்தது. இங்கேயும் பரிசோதனை பெண்களுக்குத்தான்.

லிவர்பூலில் நோயுற்ற பெண்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட ஜோசபின் பட்லர், 1869லிருந்து ஊர் ஊராக மேடையேறி இதை எதிர்த்தார். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியா என்பதுதான் அவர் கேள்வி. 1886ல் சட்டம் ரத்தானது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே வந்த இன்னொரு சட்டத்தையும் பார்க்க வேண்டும். சிறுமிகளைக் காக்க, சம்மத வயதை 13லிருந்து 16 ஆக்கியது; அது நியாயம். அதே சட்டத்தை வைத்து விடுதிகளை மூடியபோது, அங்கே இருந்த பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

நம் பக்கமும் இதே கதைதான். 1927ல் சென்னை சட்டமன்றத்துக்குப் போன முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்; 1947ல் சட்டமானது. சிறு பெண்களைப் பொட்டுக் கட்டியது கொடுமை, அதில் நான் அவர் பக்கம். ஆனாலும் தங்கள் கலையும் சொத்தும் என்னாகும் என்று தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளும் மற்றவர்களும் எழுப்பிய கேள்விக்கு இன்னும் பொறுமையான பதில் கிடைத்திருக்க வேண்டும்.

இன்று நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 372ஆம் பிரிவு பிறரை வைத்துச் சுரண்டுபவரைத் தண்டிக்கிறது. அது இருக்கட்டும், இன்னும் கடுமையாக நடக்கட்டும். பாலியல் தொழிலுக்கு ஆள் அழைத்தால் ஓராண்டு வரை சிறை என்னும் 372பி போக வேண்டும். தெருவில் நிற்பவளைச் சிறைக்கு அனுப்பினால், அடித்தவன் மீது புகார் கொடுக்க அவள் எப்படிப் போலீஸ் நிலையம் போவாள்? அதைத் திருத்த உட்காரும் கூட்டத்துக்கு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடும் முன், கோலாலம்பூர் சௌகிட்டில் நிற்கும் பெண்களையும் திருநங்கைகளையும் கூப்பிடுங்கள்.