ரெண்டையும் தூக்கிக்கொண்டுதான் திரிவேன், அதனால் என்ன?

ஒரு பால்காய்ச்சு வீட்டில் நான் கையில் டேப்லெட்டும் காதில் போனுமாக நின்றதை எடுத்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள், சிரித்தவர்கள் சிரித்தும் இருப்பீர்கள். "அஞ்சாப்பு அண்ணாச்சி சிலேட்டோட கிளம்பிட்டாவ" என்று மேலே எழுதி, பின்னால் ஒரு பாட்டையும் போட்டுவிட்ட பையன் எனக்குச் சொந்தம்தான். அதனால் பெயர் வேண்டாம். ஆனால் நேற்று சைட்டில் சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "சார், ஒங்க வீடியோவ எம் மவ காட்டுனா" என்று சொல்லிச் சிரித்தார். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கையில் டேப், காதில் போன். இதில் என்னவே சிரிப்பு? நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த வீடியோவில் இல்லை. மோட்டார் ஒயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்று எலெக்ட்ரீஷியன் போனில் கேட்கிறார். நான் டேபில் பிளானைப் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் சொல்கிறேன். இதையே ஒரு போனில் செய்வதென்றால் ஸ்பீக்கரில் போட்டு, பந்தியில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்கக் கத்திக்கொண்டே, ஆறேமுக்கால் இன்ச்சில் ஒயர் கோட்டைத் தேட வேண்டும். பேசுவதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டுக்குப் பிளான் போட்டுக் கட்டிக்கொடுக்கும் என் தொழிலில் திரை எனக்கு மட்டும் சொந்தம் இல்லை. மேஸ்திரி பார்க்க வேண்டும். கம்பி கட்டுகிறவர் 8 எம்எம் கம்பிக்கு இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரம்மா அடுப்பு மேடையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். சிமெண்ட் ஒட்டிய கையோடு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், நானும் துடைத்து வைத்துக்கொள்வேன். போனை அப்படி ஊர் கையில் கொடுக்க முடியுமா? யூபிஐ அந்த சிம்மை நம்பித்தான் ஓடுகிறது. பேங்க் ஓடிபி அதில்தான் வருகிறது. குடும்பச் சண்டை முழுக்க அதன் வாட்ஸப்பில்தான் நடக்கிறது.

டேப் வாங்குவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலி கேடிசி நகரில் ஒரு வீட்டுக்காரரிடம் முன்பக்கத் தோற்றத்தைப் போனில் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் போன், பக்கத்தில் நான். மேலே இருந்து ஒரு செய்தி இறங்கியது. என் மனைவி. "அந்த ஆள் பாக்கியத் தந்தாரா? இன்னைக்கும் இளிச்சிட்டு வந்துராதீங்க." அவரும் படித்தார், நானும் படித்தேன். "எலிவேஷன் நல்லாருக்கு சார்" என்றார். பாக்கி இன்னும் வரவில்லை. எலிவேஷன் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

ஆகவே, பேசுவதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று.

"மாமா, பேசாம ஒரு ஃபோல்டு வாங்குங்க, ரெண்டும் ஒண்ணுல முடிஞ்சிரும்" என்று அதே வீடியோவின் கீழே இன்னொரு மருமகன் அறிவுரை சொல்லியிருக்கிறார். வாங்கலாம். மடித்து விரிக்கிற சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 போன் இங்கே 2025-ல் வந்தபோது ஆரம்ப விலை 1,74,999 ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள். விரித்தால் 8 இன்ச், அதுவும் ஏறக்குறையச் சதுரம். அகலவாக்கில் வரைந்த பிளானை அதில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் மிச்சம். முந்தைய மாடல்களில் பேனாவால் எழுத முடிந்தது, இதில் அதையும் எடுத்துவிட்டார்கள். சுவரை நகர்த்து, ஜன்னலைப் பெரிதாக்கு என்று நான் கோடு போடுவதே பேனாவால்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அதன் பாதுகாப்புத் தரம் ஐபி48. அந்த 4 என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளைத்தான் தடுக்கும் என்று அர்த்தம். ஒன்றரை மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்குமாம், சந்தோஷம். நான் என்ன தாமிரபரணிக்குள்ளேயா வீடு கட்டுகிறேன்? எனக்கு எதிரி சிமெண்ட் தூளும் எம்-சாண்ட் தூசியும். 2019-ல் முதல் ஃபோல்டு வந்தபோது, விமர்சனம் எழுதக் கொடுத்த போன்களிலேயே திரை கெட்டு, ஏப்ரலில் வர வேண்டியதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்த கதையும் தெரியும்.

கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டுக்கு ஐபி68 இருக்கிறது, தூசி போகாது என்று ஒருவர் உடனே வருவார். வரட்டும். அதை மேஸ்திரி கையில் கொடுக்க எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

ரெண்டையும் ஒன்றாக்கும் ஆசை இன்று நேற்று வந்ததும் இல்லை. 2010-ல் வந்த முதல் கேலக்ஸி டேபிலேயே சிம் போட்டுப் பேசலாம். 7 இன்ச்சைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஜங்ஷனில் நின்று பேசியவர்கள் உண்டு. 2012-ல் அசுஸ் நிறுவனம் பேட்ஃபோன் என்று ஒன்று கொண்டுவந்தது. போனை டேபின் முதுகில் சொருகிவிட்டால் அதுவே டேப் ஆகிவிடும். அருமையான யோசனை. இப்போது யார் கையிலாவது பார்த்திருக்கிறீர்களா? சொருகியபின் போன் வந்தால், காதில் வைத்துப் பேச அதைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் டேபில் திரை போய்விடும். சுற்றிச் சுற்றி நான் சொல்வதில்தான் வந்து நிற்கிறது.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு ஓடியது. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், உள்ளே நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் வரும், போகும். சின்னவளுக்குப் பயத்தில் அழுகை. டேபில் இறக்கி வைத்திருந்த கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்தோம், போனைத் தொடவில்லை. சிக்னல் வந்த நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் தங்கச்சியிடம் பேச முடிந்தது என்றால் அந்தப் போனில் சார்ஜ் மிஞ்சியிருந்ததால்தான். கடைசியில் டேபில் இருந்து ஒயர் போட்டுப் போனுக்குக் கொஞ்சம் ஏற்றியும்கொண்டோம். பக்கத்து வீட்டில் எல்லாமே ஒரே போன். முதல் நாள் ராத்திரியே வீடியோ எடுத்து எடுத்து அணைந்துபோயிற்று. அவர்கள் மகன் சென்னையில் இருந்து எங்கள் நம்பருக்குத்தான் கூப்பிட்டான்.

"பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் என்ன?" என்று மூத்த இன்ஜினியர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் மேல் மரியாதை உண்டு. வெயிலில் பிரிண்ட்தான் கண்ணுக்குத் தெரியும், பாளையங்கோட்டை வெயிலில் எந்தத் திரையும் தோற்றுவிடும். ஆனால் பிளான் மாறிக்கொண்டே இருக்கிறதே. ஒரு வீட்டில் மாற்றிய பிளானை நான் அனுப்பியாயிற்று. வீட்டுக்காரரின் மருமகன் பழைய பிரிண்டை எடுத்துக் காட்டி வேலையை நடத்திவிட்டார். பூஜை அறைக்கு நேர் எதிரே பாத்ரூம் கதவு. அப்புறம் வாஸ்து பார்க்கிறவர் வந்து நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

"ரெண்டில் ஒன்றை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வந்தால்?" அதை அப்புறம் பார்ப்போம்.

"பந்தா." இதுதான் உறுத்துகிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று பேர் போட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் என் வீட்டில் சாப்பிட்டவர். பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு வந்த காலத்தில் ட்ரேசிங் தாளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் உருளையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு, பிளானை நகல் போடும் அம்மோனியா பிரிண்ட் எடுக்கப் பாளைக்கும் டவுனுக்கும் சைக்கிளில் அலைந்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் உருளை நாலு பேர் மேல் இடிக்கும். ஒருத்தரும் பந்தா என்று சொன்னதில்லை. "இன்ஜினியர் சார் நிக்காவ, தள்ளி உக்காருல" என்று இடம் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் இன்ஜினியர்கூட இல்லை, டிப்ளமோதான். இன்றைக்கு அந்த உருளைக்குப் பதில் ஒரு டேப், அது கேலிக்கு ஆகிவிட்டது. தொழிலுக்கு வேண்டியதைத் தூக்குகிறவனைப் பார்த்துச் சிரிக்க எப்போது பழகினோம்?

அதுவும் யார் சிரிக்கிறது? ஒரே போன் போதும் என்கிற இந்தத் தம்பிகளின் மணிக்கட்டில் ஒரு வாட்ச், காதில் பட்ஸ், பையில் செங்கல் கனத்தில் பவர் பேங்க். அதில் ஒருவருக்கு வீட்டுக்குத் தெரிந்த போன் ஒன்று, தெரியாத போன் ஒன்று. நான் சொல்ல மாட்டேன், அவருடைய அப்பாவும் இந்தப் பதிவைப் படிப்பார். சவத்தை விடுங்கள்.

இன்பாக்ஸில் எந்த டேப் வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: 10 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். சிம் போடுகிற மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். கண்ணாடி மேல் மேட் தாள் ஒட்டுங்கள், வெயிலில் கொஞ்சம் தெரியும். கனமான ரப்பர் உறை கட்டாயம். பேனாவோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், தனியாக வாங்கினால் விலை மிரட்டும். என்னுடையது செகண்ட் ஹேண்ட், பந்தா என்று சொன்னவர்களின் தகவலுக்காக.

நாளைக்குத் தியாகராஜ நகரில் ரூஃப் கான்கிரீட். சாயங்காலம் வரை கமெண்டுக்குப் பதில் வராது. மருமகனே, உன் புது வீட்டுப் பிளானைக் கேட்டு அனுப்பியிருந்தாய் அல்லவா, பிடிஎஃப் அனுப்பியாயிற்று. உன் போனிலேயே திறந்து மாடிப்படிக்கு எத்தனை படி என்று எண்ணிச் சொல்லு பார்ப்போம்.