பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லித் தொலைங்கடா!

வயிறு எரியுது. 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை மாட்டினா விண்டோஸ்ல 3726 ஜிபின்னு காட்டணும். (விக்கிறவன் ஆயிரத்தால வகுக்கிறான், விண்டோஸ் 1024ஆல வகுக்குது. அந்த வித்தியாசம் பழகிப்போச்சு, விடுங்க.) எங்க ஸ்டுடியோவுக்கு வாங்கின டாக் (டிஸ்க்கைச் சொருகி கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) காட்டினது 1678 ஜிபி. கழிச்சுப் பாருங்க, கரெக்டா 2048 ஜிபி காணோம். டிஸ்க் பழுதுன்னா இவ்வளவு சுத்தமா ஒரு நம்பர் காணாமப் போகுமா?

விஷயம் இதுதான். டிஸ்க்கைச் செக்டர்னு சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, டாக்குக்குள்ள இருக்கிற சிப் அந்த செக்டர் நம்பரை 32 பிட்ல எண்ணுது. 32 பிட்ல அடங்குறது 429 கோடியே சொச்சம் செக்டர். ஒரு செக்டர் 512 பைட்டுன்னா மொத்தம் 2048 ஜிபி. அதைத் தாண்டினா மறுபடி பூஜ்யத்துலேருந்து எண்ண ஆரம்பிக்குது, கடைசியில நின்ன நம்பரைத் தூக்கி நம்மகிட்ட நீட்டுது.

எல்லை இருக்கிறதுல எனக்குக் கோவமே இல்லங்க. எல்லாக் கணக்கும் எங்கேயோ ஒரு இடத்துல முட்டத்தான் செய்யும். ஆனா முட்டினதை வெளியில சொல்லாம, மிச்சத்தைக் காட்டி இதுதான் முழு டிஸ்க்குன்னு சாதிக்கிறான் பாருங்க, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை, அதுதான் தாங்கல.

காலி டிஸ்க்கா இருந்தா தலைவலியோட போயிடும். டேட்டா இருக்கிற டிஸ்க்கை நினைச்சுப் பாருங்க. டிஸ்க்கை எப்படிப் பிரிச்சிருக்குன்னு அதுலயே எழுதி வெச்சிருக்கிற பார்ட்டிஷன் டேபிள் 3726ன்னு சொல்லுது, டாக் 1678ன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகல. அப்ப விண்டோஸ் என்ன சொல்லணும்? "அளவு இடிக்குது, டாக்கைச் செக் பண்ணு"ன்னு சொல்லணும். சொல்லல. முகூர்த்த ஃபுட்டேஜ் மொத்தமும் இருக்கிற டிஸ்க். ராத்திரி எடிட்டிங்ல உக்காந்திருந்த தம்பி திரும்பி, "அண்ணா, டிஸ்க்கை இனிஷியலைஸ் பண்ணணுமாம், ஓகே குடுத்துடவா?"ன்னு கேக்குறான். விரல் மவுஸ் மேல. அந்தப் பெட்டியில அளவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஓகே பட்டன் மட்டும் அழுத்துறதுக்கு ரெடியா நிக்குது. கேக்காம அமுக்கியிருந்தா பழைய பார்ட்டிஷன் டேபிள் மேல புதுசை எழுதியிருக்கும். அதே டிஸ்க்கை டாக் இல்லாம கம்ப்யூட்டர் மதர்போர்டு சாட்டா சாக்கெட்ல நேரா மாட்டினோம், எல்லா ஃபைலும் அப்படியே இருக்கு.

சொல்ல வழி இல்லாமலா இப்படிப் பண்றாங்க? இருக்கு! டிஸ்க் அளவு 32 பிட்ல அடங்கலைன்னா எல்லா பிட்டையும் 1ன்னு நிரப்பி அனுப்பணும்னு, டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற விதிகளைச் சொல்ற ஸ்கஸி ஸ்டாண்டர்டுலயே இருக்கு. "எனக்கு அடங்கல, பெரிய கமாண்டுல கேளு"ன்னு அதுக்கு அர்த்தம். லினக்ஸ் கெர்னல் (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) அதைப் புரிஞ்சுக்கிட்டு 64 பிட் அளவைத் திருப்பிக் கேக்கும். பெரிய டிஸ்க் சப்போர்ட் இல்லாம கம்பைல் பண்ணின பழைய 32 பிட் கெர்னல்கூட, "இந்தக் கெர்னலுக்கு இது ரொம்பப் பெருசு"ன்னு லாக்ல எழுதிட்டு, அளவைப் பூஜ்யமாக்கிட்டு ஒதுங்கிக்கும். அது நேர்மை. ஆனா அந்த சப்போர்ட்டையும் 32 பிட் மெஷின்ல விருப்பம் இருந்தா போட்டுக்கலாம்னு வெச்சிருந்தாங்க, 2019ல 5.2 வர்ற வரைக்கும்! அதுக்கப்புறமும் 32 பிட் மெஷின்ல டேட்டாவை 4 கேபி துண்டா (பேஜ்) எண்ணுற கணக்கு 16 டெராபைட்ல முட்டும். பழைய 32 பிட் நாஸ் பெட்டியில (நெட்வொர்க்ல டிஸ்க்கைப் பகிர்ற பெட்டி) 24 டெராபைட் டிஸ்க்கைப் போட நினைக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

புது வியாதியா இது? 504 எம்பியில முட்டினாங்க. 8.4 ஜிபியில முட்டினாங்க. 137 ஜிபியில முட்டினப்ப, சர்வீஸ் பேக் 1 அப்டேட் போடாத விண்டோஸ் எக்ஸ்பியில டேட்டாவே கெட்டுப்போற அபாயம் இருந்துச்சு. அப்புறம் 2 டெராபைட். ஒவ்வொரு தடவையும் "இதுக்கு மேல எவனுக்குத் தேவைப்படும்"னு ரெண்டு மூணு பிட்டை மிச்சம் பிடிக்கிறது அவங்க, டேட்டாவைத் தொலைக்கிறது நாம.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின கடைக்கே டாக்கைத் தூக்கிட்டுப் போனேன். "சார், டிஸ்க் டூப்ளிகேட்டா இருக்கும், எங்க வாங்குனீங்க?"ன்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். "கம்பெனிக்காரன் அட்டையில போட்டதைத்தான் சார் நாங்க சொல்றோம்." அட்டையில என்ன போட்டிருக்கு? எல்லா ஹார்ட் டிஸ்க்கும் சப்போர்ட் பண்ணுமாம். 2 டெராபைட் வரைக்கும்தான்னு ஒரு வரி அச்சடிக்க என்ன கேடு? சின்ன டிஸ்க் வெச்சிருக்கிறவன் தெரிஞ்சே வாங்கிட்டுப் போவான்ல?

டாக், டிஸ்க் கேஸ் எது வாங்கப் போனாலும் உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய காலி டிஸ்க்கைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கடை லேப்டாப்லயே மாட்டச் சொல்லுங்க. விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல முழு நம்பர் வந்தாத்தான் காசைக் குடுங்க. மாட்ட விடலைன்னா அடுத்த கடைக்குப் போங்க.