மருந்து இருக்கிறது. கலக்க ஆள் இருக்கிறார்களா?

காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் அறுவை சிகிச்சையைச் 'சின்ன ஆபரேஷன்' என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். கீறல் சின்னது என்பது மயக்க மருந்துக்குத் தெரியாது. பெரிய மருத்துவமனையில் குரல் கொடுத்தால் பத்துப் பேர் ஓடிவருவார்கள், ஐசியூ அதே கட்டடத்தில் இருக்கும். பகல்நேர மையத்தில் ஆம்புலன்ஸ் வரும்வரை உள்ளே இருக்கும் நாலைந்து பேர்தான் எல்லாம். அதனால் 'மருந்து இருக்கிறதா' என்று கேட்டு டிக் அடிப்பது போதாது. யார் எடுப்பார், யார் கலப்பார், எத்தனை நிமிடத்தில் என்று கேட்க வேண்டும்.

செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுவோ, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியோ கொடுத்ததும், மரபணுக் குறை உள்ள சிலருக்குத் தசை விறைக்கும். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்பது இதன் பெயர். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு கிடுகிடுவென ஏறும். காய்ச்சல் பல நேரம் பிந்தித்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இதற்கு மருந்து டான்ட்ரோலின், முதல் அளவு கிலோவுக்கு 2.5 மி.கி. 70 கிலோ ஆளுக்கு 175 மி.கி. பழைய வகைக் குப்பியில் இருப்பது 20 மி.கி.தான். ஆக 9 குப்பி. ஒவ்வொன்றிலும் 60 மி.லி. ஊசிக்கான சுத்த நீர் விட்டு (சலைன் கூடாது) தெளியும்வரை குலுக்க வேண்டும். மொத்தம் 540 மி.லி.! இந்த வேலைக்கென்றே இரண்டு பேரை ஒதுக்காத மையத்தில் 36 குப்பி அடுக்கி வைத்திருந்தாலும் நோயாளிக்கு நேரத்தில் போய்ச் சேராது. 5 மி.லி. நீரில் கரையும் 250 மி.கி. குப்பி கிடைக்கும் இடத்தில் அதையே வாங்குங்கள்.

யார், எத்தனை நிமிடத்தில் என்ற கேள்வி மரப்பு ஊசி மட்டும் போடும் இடத்துக்கும் பொருந்தும். மரப்பு மருந்து ரத்தத்தில் அளவு மீறினால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம். அப்போது 20% லிப்பிட் (கொழுப்பு) கரைசலை கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் இரண்டு மூன்று நிமிடத்தில் ஏற்ற வேண்டும். இங்கே இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கடும் ஒவ்வாமையிலோ பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மி.கி. ஒரே மருந்துக்கு இரண்டு கணக்கு. பதற்றத்தில் மனக்கணக்கு தப்பும், ஆகவே அளவுகளைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரிலும் ஒரு ஏமாற்று உண்டு. வால்வை மூடிய பிறகும் ரெகுலேட்டரில் தங்கிய அழுத்தம், அழுத்தம் காட்டும் முள்ளை நிமிர்த்தியே வைத்திருக்கும். தினமும் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். 'E' அளவு சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 660 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் கணக்குக்கு 66 நிமிடம். கொஞ்சம் குறைந்திருந்தாலே ஒரு மணி நேரம்கூட நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. வால்வைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டி வையுங்கள்.

காலாவதியான குப்பிகளை வீசாதீர்கள். ஒத்திகைக்கென்று தனியாக எழுதி ஒட்டி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிகாரம் பிடித்துக் கலக்கிப் பாருங்கள். அதே ஒத்திகையில் ஆம்புலன்ஸுக்கு யார் பேசுவார், வாசலில் யார் நிற்பார் என்பதும் வரட்டும். ஸ்ட்ரெச்சர் மடக்காமல் லிஃப்டுக்குள் நுழைகிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.