மறுத்தால் கிளையன்ட் என்ன செய்யும் என்பதையும் சோதியுங்கள்

இணையத்தில் ஒரு சர்வரிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் என்.டி.பி. (நேரம் பரிமாறும் நெறிமுறை) கிளையன்டுகளை, அதாவது கேட்கும் நிரல்களை, சோதிப்பவர்கள் பெரும்பாலும் துல்லியத்தைத்தான் பார்க்கிறார்கள். சர்வர் "இவ்வளவு அடிக்கடி கேட்காதே" என்று சொல்லும்போதோ, ஒன்றுமே சொல்லாமல், கேள்வியைச் சுமந்துவரும் பாக்கெட்டைப் புறக்கணிக்கும்போதோ கிளையன்ட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதே அக்கறையோடு பார்ப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கடிகாரம் பிசகினால் நட்டம் அந்தக் கருவியை வைத்திருப்பவருக்கு; மறுப்பை மதிக்காத கிளையன்டால் நட்டம், இலவசமாக நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு.

2003 மே மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இதற்குச் சரியான சாட்சி. நெட்கியர் நிறுவனத்தின் சில ரவுட்டர் மாடல்களில் அந்தப் பல்கலைக்கழக சர்வரின் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருந்தது. பதில் வரும்வரை நொடிக்கு ஒரு முறை கேட்கும்படியும் அவை அமைக்கப்பட்டிருந்தன. உச்சத்தில் நொடிக்கு 2,50,000 பாக்கெட்டுகள் வந்து குவிந்தன. பதில் கிடைக்காத ரவுட்டர்தான் ஓயாமல் கேட்கும் என்பதால், தற்காத்துக்கொள்ளப் பாக்கெட்டுகளைத் தடுப்பதே வெள்ளத்தைக் கூட்டும் வேலையாகிவிட்டது. பதில் தராத ஒரு சர்வரை எதிரில் வைத்து அந்த ரவுட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டிருந்தாலே இது கண்ணில் பட்டிருக்கும்.

மறுப்பைத் தெரிவிக்க நெறிமுறையிலேயே ஒரு வழி இருக்கிறது. கிஸ் ஓ டெத் எனப்படும் அந்தப் பாக்கெட்டில் ஸ்ட்ரேட்டம் (சர்வர் மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்ற எண்) 0 என்று இருக்கும். வழக்கமாக நேரத்தின் மூலத்தைக் குறிக்கும் ரெஃபரன்ஸ் ஐடி இருக்கும் இடத்தில் 'ரேட்' என்ற நான்கெழுத்துக் குறியீடு இருக்கும். அதைப் பெற்ற கிளையன்ட் கேட்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2010இல் வெளிவந்த என்.டி.பி. விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 5905 இந்த இடத்தில் 'போலிங் இடைவெளியைக் (இரு கேள்விகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக்) குறைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் கிளையன்ட், மறுப்பு வர வர இன்னும் வேகமாகக் கேட்கும். ஆகவே விதியைப் படித்துத்தான் எழுதினோம் என்ற உறுதிமொழி போதாது, கம்பியில் போகும் பாக்கெட்டுகளை எண்ணியாக வேண்டும்.

ஆனால் எல்லா சர்வர்களும் இப்படி வாய்திறந்து மறுப்பதில்லை. குரோனி என்ற என்.டி.பி. சர்வர் மென்பொருளில் ரேட்லிமிட் என்ற வேக வரம்பை இயக்கினால், வரம்பை மீறி வரும் கேள்விகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்குப் பதில் வரும், மற்றவை மௌனமாக விடப்படும். இந்த அரைகுறை மௌனத்தில்தான் மோசமான கிளையன்டுகளின் குணம் வெளிப்படுகிறது. பாக்கெட் வழியில் தொலைந்துவிட்டதாக எண்ணி உடனே மறுபடி கேட்பவை, எப்போதாவது வரும் ஒரு பதிலைக் கண்டதும் பின்வாங்கியதை மறந்து பழைய வேகத்துக்குத் திரும்புபவை என்று பலவகை உண்டு. கிளையன்டின் லாக்கில் (பதிவேட்டில்) 'நேரம் சரிசெய்யப்பட்டது' என்ற வரி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் என்.டி.பி.க்கான போர்ட் 123ஐப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஆபத்து. 2015இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது அதைத்தான். என்.டி.பி.டி. என்ற கிளையன்ட் நிரல், வந்த மறுப்பு தன் கேள்விக்கான பதில்தானா என்று ஆரிஜின் டைம்ஸ்டாம்பை (கேள்வி அனுப்பிய நேரத்தைத் திருப்பிச் சொல்லும் முத்திரையை)க் கொண்டு சரிபார்க்காததால், எங்கிருந்தோ ஒருவர் அனுப்பிய போலிப் பாக்கெட்டே அதை நேரம் கேட்காமல் நிறுத்திவைக்கப் போதுமானதாக இருந்தது. ஆகவே நல்ல சோதனையில் உண்மையான மறுப்பு, மௌனம், டைம்ஸ்டாம்ப் பொருந்தாத போலி மறுப்பு ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். மூன்றாவதைக் கிளையன்ட் கண்டுகொள்ளவே கூடாது.

இவற்றைப் பொது சர்வர்களின்மேல் நடத்துவது அநாகரிகம், தேவையும் இல்லை. லினக்ஸில் வெளி நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கப்படும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் ஒன்றில் சொந்த சர்வரை வைத்துக்கொள்ளலாம். நாள்கணக்கான நடத்தையைப் பார்க்க விரும்பினால் கிளாக்நெட்சிம் என்ற கருவி இருக்கிறது; உண்மையான கிளையன்ட் நிரலையே போலிக் கடிகாரத்தோடும் போலி நெட்வொர்க்கோடும் வேகமாக ஓட்டிக் காட்டும். இடையில் கருவியை அணைத்துப் போட்டும் பார்க்க வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் ஒரு தெருவின் ரவுட்டர்கள் அத்தனையும் ஒரே நொடியில் கேட்கத் தொடங்கினால், தனித்தனியே ஒழுங்காக இருந்தும் பயனில்லை. தொடக்கத்தில் சிறிது தற்செயலான தாமதம் வேண்டும்.

பாக்கெட்டுகளை எங்கே எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 2016 டிசம்பரில் ஸ்னாப்சாட்டின் ஐஓஎஸ் செயலி, தன்னார்வலர்கள் பொதுவுக்கு நடத்தும் என்.டி.பி. பூல் சர்வர்களைத் திணறடித்தது. திறக்கும்போதெல்லாம் அது ஒரே நேரத்தில் பல சர்வர்களைக் கேட்டது. ஒவ்வொரு சர்வரின் கணக்கிலும் ஒரு தொலைபேசியிலிருந்து ஓரிரு பாக்கெட்டுகள்தான் என்பதால், முகவரிவாரியாக எண்ணும் எந்த வரம்பிலும் இத்தகைய கிளையன்ட் சிக்காது. ஒரு சர்வர் மறுத்ததும் பூலில் அடுத்த முகவரிக்குத் தாவும் கிளையன்டும் அப்படியே. எனவே சர்வரின் வாசலில் எண்ணுவதை விட்டு, கருவியிலிருந்து வெளியேறும் மொத்தப் பாக்கெட்டுகளை எண்ண வேண்டும்; மறுப்புக்குப் பிறகு அந்த மொத்தம் குறையவில்லை என்றால் அந்தக் கிளையன்டை வெளியிடக் கூடாது.